திரும்பு வண்டி

வீட்டை விட்டுக் கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது, கேட்டால் போகிற காரியம் விளங்காது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. அதனால் மதுரையில் சிலர், "என்ன, தூரமாவா?" என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். சிலர் ஆள் தலை மறைகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுப் பக்கத்து வீட்டில் போய் விசாரிப்பார்கள். எங்கள் எதிர்வீட்டு மதினிக்கு இரண்டும் சரிப்படாது. அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"எப்ப திரும்பி வாரீக?"

ஜட்காவில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நிற்கும்போது இந்தக் கேள்வி வரும். பதில் சொல்லாமல் வண்டி ஏற முடியாது. "பாப்போம் மதினி, போனாத்தான் தெரியும்" என்று யாராவது மழுப்பினால் அவருக்குக் கோபமே வந்துவிடும். திரும்பி வருவது எப்படி என்று தெரியாமல் ஒருத்தர் ஊருக்குக் கிளம்புவதும், கயிறு இல்லாமல் கிணற்றில் வாளியைப் போடுவதும் அவருக்கு ஒன்றுதான்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. அவர் புருஷனை என் அம்மா அண்ணன் என்று கூப்பிட்டாள், அதனால் அவர் அம்மாவுக்கு மதினி. அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் மதினி, பால்காரருக்கும் மதினி, தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்து முழுவதற்கும் மதினி. வாட்டசாட்டமான உடம்பு. எப்போதும் சுங்குடிச் சேலை. குரல் மட்டும் கொஞ்சம் அதிகம். அவர் அடுப்படியில் ரகசியம் பேசினால் எங்கள் வீட்டில் நாங்கள் பதில் சொல்லலாம்.

புருஷனுக்குக் கோர்ட்டில் அமீனா வேலை. சம்மனையும் ஜப்தி நோட்டீஸையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டும். இவர் தலையைக் கண்டதும் கிராமத்தில் ஆண்பிள்ளைகள் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்களாம். அலைந்து திரிந்து வீட்டுக்கு வந்ததும் அண்ணன் புலம்ப ஆரம்பிப்பார். பஸ் போய்விட்டது, செருப்பு அறுந்துவிட்டது, கட்டை வண்டியில் வந்து முதுகு போய்விட்டது என்று ஒரு பாட்டம் தீர்ப்பார். வேறு பெண்டாட்டியாக இருந்தால் போதும் நிறுத்துங்கள் என்று சோற்றைப் போட்டிருப்பாள். மதினி விசிறியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார்.

"அந்த வண்டி எந்த ஊரு? என்னத்த ஏத்திக்கிட்டு வந்துச்சு? எறக்கிப் போட்டுட்டு வெறும் வண்டியாவா திரும்புச்சு?"

இப்படியே அண்ணனுடைய புலம்பல் எல்லாம் மதினியின் தலைக்குள் வழியாகவும் வண்டியாகவும் போய்ச் சேர்ந்துவிட்டது. போதாததற்கு அட்டை கிழிந்த ரயில்வே கைடு ஒன்று வைத்திருந்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், ஆனால் எந்த வண்டிக்கு எங்கே இறங்கி எந்த வண்டி பிடிக்க வேண்டும் என்பதில் தப்பு வந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து ஊர்க்கதை பேசுகிற ஆளும் இல்லை. ராமேஸ்வரம், பழனி, திருச்செந்தூர் என்று பலமுறை போய் வந்தவர். எந்தச் சத்திரத்தில் கிணற்றுத் தண்ணீர் உப்பு, எந்தச் சத்திரத்துக் காவல்காரன் குழந்தை அழுதால் திட்டுவான் என்று எல்லாம் அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

யாராவது யாத்திரைக்கு யோசனை கேட்டு வந்தால் அடுப்படித் தரையில் கோலப்பொடியை எடுத்துப் புள்ளி வைப்பார். ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஊர். முதல் புள்ளி மதுரையாக இருக்காது. போகப்போகிற கடைசி ஊரை வைத்து, அங்கிருந்து வீடு வந்து சேருகிற வழியைத்தான் முதலில் இழுப்பார். அது முடிந்த பிறகுதான் போகிற வழி. சாப்பாட்டிலும் இதே கணக்குத்தான். "போகையில ஆசையில வயிறு நெறஞ்சிருக்கும். திரும்பையிலதான் புள்ளைக பசின்னு அழுகும்" என்று அவல் மூட்டையைத் திரும்புகிற நாளுக்கென்று தனியாகக் கட்டச் சொல்வார்.

காசு விஷயத்தில் இன்னும் மோசம். "திரும்பி வர்ற காசை மொதல்ல எடுத்து முந்தியில முடிஞ்சுக்க. மிச்சத்துல எம்புட்டு தூரம் போக முடியுமோ அம்புட்டு தூரம் போ" என்பதுதான் அவர் சட்டம். எங்கள் சந்தில் ஒரு வயதான தம்பதி காசிக்குப் போகவென்று பல வருஷம் உண்டியல் சேர்த்தார்கள். மதினி அந்தப் பணத்தில் திரும்பி வருகிற செலவைத் தனியே எடுத்து வைத்ததும் மிச்சம் ஸ்ரீரங்கம் வரைக்கும்தான் வந்தது. கிழவருக்கு வந்த கோபத்தில் மதினி வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ஸ்ரீரங்கம் போய், பெருமாளைச் சேவித்து, காவேரியில் குளித்து, இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு வந்து சேர்ந்தார்கள். கடைசி வரைக்கும் சந்தில் அவர்களுக்குக் காசித் தாத்தா, காசிப் பாட்டி என்றுதான் பேர்.

மதினிக்கு உயிர் என்றால் திரும்பு வண்டிதான். மேற்கேயிருந்து காளவாசல் சூளைகளுக்கு விறகும் கரியும் ஏற்றிக்கொண்டு வண்டிகள் வரும். மாசி வீதிக் கடைகளுக்குப் பருத்தியும் கடலையும் வரும். சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஊர் திரும்புவார்கள். அதில் ஆளை ஏற்றி அனுப்பினால் வாடகை இல்லை, வெற்றிலை பாக்கு வாங்கிக் கொடுத்தால் போதும். "வீட்டுக்குத் திரும்புற மாடு தாயி. அடிக்க வேணாம், அதட்ட வேணாம், தானா நடக்கும்" என்று அவர் சொல்லும்போது அந்த மாடுகளை அவரே வளர்த்தது போல ஒரு பெருமை முகத்தில் தெரியும்.

இந்தத் திரும்பு வண்டிப் பைத்தியத்தால் ஒருமுறை பெரிய கூத்து நடந்தது. பெண் பார்க்கப் போன ஒரு கோஷ்டியை மதினி கரி வண்டியில் ஏற்றிவிட்டார். சாக்கை விரித்து அதன் மேல் உட்காருங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் மாப்பிள்ளையின் தகப்பனார், சாக்கில் உட்கார்ந்தால் கௌரவம் என்னாவது என்று அதைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டார். வெள்ளை வேட்டியும் பட்டுத் துண்டுமாகப் போன ஐந்தாறு பேர் பெண் வீட்டு வாசலில் இறங்கியபோது முன்னால் பார்த்தால் சம்பந்தி, பின்னால் பார்த்தால் கரிமூட்டை. கல்யாணம் என்னவோ நின்றுபோகவில்லை. கரி வண்டியில் வருகிற மனிதர் சீர் அதிகம் கேட்க மாட்டார் என்று பெண்ணின் அப்பா நினைத்துவிட்டாராம். அந்த நினைப்புத் தப்பு என்று பிற்பாடு தெரிந்துகொண்டார்.

என் கதைக்கு வருகிறேன். யுத்தம் தொடங்கிய சமயத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது. அப்பா இல்லாத வீடு. அம்மா அப்பளம் போட்டு விற்று என்னை வளர்த்தாள். எழுமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், கிணறும் புஞ்சையும் உள்ள குடும்பம், ஒரே பையன் என்றதும் அம்மா வேறு எதுவும் விசாரிக்கவில்லை. தாலி கட்டி முடிந்து நான் வண்டி ஏறுகிற நேரம். பெண்கள் குலவை போடுகிறார்கள், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். மதினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மாமியாருக்கு முன்னால் வந்து நின்றார்.

"எல்லாம் சரி அத்தாச்சி, எங்க புள்ள எப்ப திரும்பி வரும்?"

குலவை நின்றுவிட்டது. மாமியாருடைய முகத்தில் சந்தனமும் குங்குமமும்தான் இருந்தன, சிரிப்பு இல்லை.

"கால் எடுத்து வைக்கையில கேக்குற கேள்வியா இது? வாழப் போற பொண்ணு எதுக்குத் திரும்பி வரணும்?"

"அய்யோ, மறுவீட்டுக்குத்தான் அத்தாச்சி கேட்டேன்" என்று மதினி பதறினார். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாதான் பேசினாள். "ஒங்க வாயில ஒரு நாளாச்சும் நல்ல வார்த்தை வராதா?" என்று அத்தனை பேருக்கு முன்னாலும் கேட்டுவிட்டாள். அன்றைக்கு அம்மாவுக்கும் மதினிக்கும் பேச்சு நின்றது.

ஆனால் இது நடப்பதற்கு முன்பே, காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டது மதினிதான். என் சவுரி முடியின் கொண்டையில் கறுப்பு நூலைச் சுற்றும்போது மடித்த ரூபாய் நோட்டு ஒன்றை உள்ளே வைத்துச் சுற்றினார். "நகையக் கேப்பாக, சேலையக் கேப்பாக. அடுத்தவ சவுரிய எவளும் தொட மாட்டா" என்றார். அப்புறம் தரையில் புள்ளி வைத்தார். எழுமலை, அங்கிருந்து உசிலம்பட்டி, உசிலம்பட்டியில் ரயில், மதுரை. போகிற வழியை அன்று அவர் இழுக்கவே இல்லை. மாப்பிள்ளை வீட்டு வண்டி இருக்கிறதே, அதற்கு எதற்கு வழி என்று சிரித்தார்.

புகுந்த வீட்டில் என் வீட்டுக்காரர் அதிகம் வாய் பேசாத மனிதர். கெட்டவர் இல்லை. தன் அம்மா கிழித்த கோட்டைத் தாண்டிப் பழக்கமில்லாதவர், அவ்வளவுதான். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்புவது ஊர் வழக்கம். அம்மா வந்து கேட்டாள். மாமியார் அனுப்ப மாட்டேன் என்றுவிட்டார். "அனுப்புனா இவ திரும்ப மாட்டா. அதான் ஒங்க ஊர்க்காரி பந்தல்லயே சொல்லிட்டாள்ல" என்றார். ரயில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. சவுரிக்குள் பணமும் இருந்தது. எனக்குத்தான் பயம். வலி எடுத்து ஒரு பகலும் ஓர் இரவும் கிடந்தேன். மருத்துவச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. பையன் பிறந்தான். பால் குடிக்கவில்லை, மறுநாள் போய்விட்டான். அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அடுத்து நான் உண்டானபோது யுத்தம் முற்றிவிட்டது. உசிலம்பட்டி வழியாகப் போடிக்குப் போன ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஏழாம் மாதம் அம்மா வளையலும் பலகாரமுமாக வந்தாள். இந்த ஒரு தடவை அனுப்புங்கள், ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று மாமியாரிடம் கெஞ்சினாள். அதே பதில்தான். வளையலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு அம்மாவைத் திருப்பி அனுப்பினார்கள்.

அம்மா அழுதுகொண்டே ஊர் போய்ச் சேர்ந்து, எங்கள் வீட்டுக்குள் நுழையாமல் நேரே எதிர்வீட்டுக்குப் போயிருக்கிறாள். இத்தனை நாள் பேசாததற்கும் சேர்த்து மதினியைத் திட்டித் தீர்த்திருக்கிறாள். என் பிள்ளை அங்கே சாகப்போகிறது, உங்கள் ஒரு கேள்விதான் காரணம் என்று சொன்னாளாம். "ஆமா, என் நாக்காலதான் வந்துச்சு" என்று மட்டும் மதினி சொன்னாராம். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து புள்ளி வைப்பதும் அழிப்பதுமாக இருந்திருக்கிறார். "ஹிட்லர்கூட இம்புட்டு யோசிச்சிருக்க மாட்டான்" என்று அண்ணன் பின்னாளில் கிண்டல் செய்வார்.

கொஞ்ச நாள் கழித்து எங்கள் கிராமத்துக்கு அமீனா வந்துவிட்டார் என்று சத்தம். ஆண்கள் எல்லாரும் காட்டுப் பக்கம் போய்விட்டார்கள். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டு அண்ணன். யாருக்கோ நோட்டீஸைக் கொடுத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்டார். என் கல்யாணத்தன்று அவர் மேலூர்ப் பக்கம் நோட்டீஸோடு போயிருந்தார், அதனால் அந்த வீட்டில் அவரை யாருக்கும் தெரியாது. நோட்டீஸ் தன் வீட்டுக்கு இல்லை என்ற சந்தோஷத்தில் மாமியார் மோரே கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் ஒரு மிடறு குடித்துவிட்டுப் புலம்ப ஆரம்பித்தார்.

"என்னா ஊரு ஆத்தா இது! வந்துட்டேன். திரும்பிப் போறதுதான் பெரும்பாடு."

"ஏன்யா, நல்லாத்தானே இருக்கு எங்க ஊரு?"

"ரயிலும் போச்சு. இருக்குறது ஒரே ஒரு வழி. எழுமலைச் சந்தைக்கு உசிலம்பட்டியிலருந்து பானை வண்டி வருதுல்ல, அது சந்தைக்கு மறுநா வெள்ளன வெறும் வண்டியாத் திரும்புது. ஒங்க ஊரு விலக்கு ரோட்டுல புளியமரத்தடியில நின்னு மாட்டுக்குத் தண்ணி காட்டுவான். பானைக்காரன் பொஞ்சாதியும் அதுல வருது. பானைக்குப் போட்ட வைக்கோலு அப்படியே கெடக்கும், மெத்தை கணக்கா. படுத்துக்கிட்டே போகலாம்."

"அப்ப அதுல போக வேண்டியதுதானே?"

"எனக்கு எங்க குடுத்து வச்சிருக்கு? இன்னும் ரெண்டு ஊரு நோட்டீஸு கெடக்கு. நடந்தே சாகணும். அடுத்த சந்தைக்கு எவனாச்சும் புண்ணியவான் சுகமா ஏறிப் போவான். உசிலம்பட்டியில கரி பஸ்ஸு நிக்கும். பொழுது நல்லா ஏறித்தான் கெளப்புவான், ஓட வேண்டியதில்ல. டிரைவரு எங்க வீட்டம்மாவுக்குத் தெரிஞ்ச ஆளு. எதிர்வீட்டுப் புள்ளன்னு சொன்னாலே முன் சீட்டு குடுத்துருவான்."

"இதெல்லாம் எதுக்குய்யா எங்கிட்டச் சொல்ற?" என்று மாமியார் சிரித்துவிட்டார்.

"யார்கிட்டயாச்சும் சொல்லி அழணும்ல ஆத்தா" என்று அண்ணன் செம்பைக் கீழே வைத்தார். கடைசி வரைக்கும் என் பக்கம் அவர் திரும்பவில்லை. கதவுக்குப் பின்னால் நான் சேலையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. போடி ரயிலைப் பிடுங்கிக்கொண்டு போனவர்கள் யாரோ பெரிய பெரிய ஆட்கள். அவர்கள் பிடுங்கின இடத்தில் எனக்கு ஒரு வழி போட்டுக் கொடுத்துவிட்டார் மதினி.

அடுத்த சந்தைக்கு மறுநாள் மாமியார் கடலைக்காட்டுக்குக் களையெடுக்கக் கிளம்பிப் போனதும் ஒரு துணிமூட்டையோடு வெளியே வந்தேன். கிணற்றடியில் என் வீட்டுக்காரர் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். எங்கே என்று கேட்கவில்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் மாட்டின் முதுகைத் தேய்த்துக்கொண்டே, "வெயில் ஏறுறதுக்கு முன்னால போ" என்றார். அவ்வளவுதான் பேசினார். அந்த வீட்டில் அவர் தன் அம்மாவைக் கேட்காமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

புளியமரத்தடியில் பானை வண்டி நின்றது. அண்ணன் சொன்னது போலவே முழுக்க வைக்கோல். பானைக்காரர் பெண்டாட்டி என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, வைக்கோலை ஒதுக்கி முதுகுக்கு அணை கொடுத்தார்.

"காலை நல்லா நீட்டிக்க தாயி. பானையவிடப் பத்தரமாக் கொண்டாரணும்னு ஒங்க மதினி ஆள் விட்டுச் சொல்லிருக்காக. போன சந்தையிலயே சொல்லிட்டாக."

மதினியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வைக்கோல்தான் ஞாபகம் வருகிறது. எழுமலையிலிருந்து உசிலம்பட்டிக்கு வேறு வண்டிகளும் திரும்பியிருக்கும். பிள்ளைத்தாய்ச்சி குலுங்காமல் வர வேண்டும் என்று யோசித்து, பானை வண்டியாகப் பார்த்துப் பிடித்திருக்கிறார். சவுரியை அவிழ்த்து ரூபாய் நோட்டை எடுத்தேன். வெற்றிலை பாக்குக்கு இவ்வளவு பெரிய நோட்டா என்று அந்த அம்மாள் வாங்கவே இல்லை.

உசிலம்பட்டியில் கரி பஸ் நின்றுகொண்டிருந்தது. பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் முதுகில் பெரிய அடுப்பு ஒன்றைக் கட்டி, கரியைப் போட்டுப் புகையில் ஓட்டுவார்கள். ஒரு பையன் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அனலைக் கிளப்பிவிட்ட பிறகுதான் வண்டி உறுமும். எதிர்வீட்டுப் பிள்ளை என்று சொன்னதும் டிரைவர் ஒன்றும் கேட்காமல் முன் சீட்டைத் துடைத்து உட்காரச் சொன்னார். வழியில் ஒரு மேட்டில் பஸ் மூச்சுத் திணறி நின்றது. ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். நானும் எழுந்தேன். "நீ ஒக்காரு தாயி, ஒன்னைய எறக்கிவிட்டா ஒங்க மதினி என்னையத் தள்ளவிட்ரும்" என்று டிரைவர் சொல்ல, பஸ்ஸே சிரித்தது. அத்தனை நாளுக்குப் பிறகு நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

காளவாசலில் சூளைப்புகை தெரிந்தது. ரோட்டு ஓரத்தில் ஒரு ஜட்கா. அதன் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு மதினி. பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி என்னை இறக்கினார். வீட்டுக்குப் போகலாம் என்று அழுதேன். "வீடு எங்கயும் ஓடிராது. மொதல்ல டாக்டரம்மாவப் பாப்போம்" என்று ஜட்காவை ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார். அம்மா அங்கே எனக்கு முன்னால் போய்க் காத்திருந்தாள். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே கிடக்கிறது, கிராமத்தில் இருந்திருந்தால் இரண்டு பேரும் பிழைத்திருக்க மாட்டீர்கள் என்று சொன்னார். அதைக் கேட்டதும் மதினி ஆஸ்பத்திரித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

மகள் பிறந்தாள். என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டுத்தான் வந்தாள், ஆனால் பிறந்ததும் ஆஸ்பத்திரிக்கே கேட்கிற மாதிரி அழுதாள். குரல் யாரிடமிருந்து வந்தது என்று அம்மா மதினியைக் காட்டிச் சிரித்தாள். அவர்கள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்துப் பழைய பாக்கியெல்லாம் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

குழந்தைக்குப் பெயர் வைத்துக் கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரர் வந்தார். தன் அம்மா அனுப்பினாள், கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள் என்று வாசல் தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னார். என் அம்மா கலங்கிப் போனாள். கூப்பிட வந்த புருஷனோடு பெண்ணை அனுப்பாவிட்டால் ஊர் என்ன சொல்லும்? அனுப்பினால் இந்தக் குழந்தை என்ன ஆகும்? அவள் என் துணிகளை எடுத்து மடிப்பதும் திரும்பப் பிரிப்பதுமாக இருந்தாள். அந்த வீட்டு இருட்டறையில் பால் குடிக்காமல் கிடந்த பையன் என் கண்ணுக்கு முன்னால் வந்தான்.

மதினி கொல்லை வழியாக உள்ளே வந்தார். அவருக்குக்கூட மெதுவாகப் பேச வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"ஒரு தடவ ஒன்னையக் கேக்காம வாயத் தொறந்துட்டேன். அதுல பட்டது போதும். இப்ப நீயே சொல்லு. டிரைவர்கிட்ட எத்தனை பேருக்கு எடம் சொல்லட்டும்?"

தூளியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"ஒரு ஆளுக்கு, மதினி."

அவர் தலையை ஆட்டிவிட்டு வாசலுக்குப் போனார். "தம்பி, கரி பஸ்ஸுல ஒங்களுக்கு ஒரு எடம் சொல்லிருக்கேன். இப்பக் கெளம்புனா சரியா இருக்கும். வழிக்குச் சோறு கட்டித் தாரேன்" என்றார். என் வீட்டுக்காரருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. நான் கதவுக்குப் பின்னால் மறையாமல் அவருக்கு எதிரேயே நின்றேன். கோபப்படுவார், கத்துவார் என்று அம்மா பயந்தாள். அவர் உள்ளே வந்து, தூளியை விலக்கி, மகளின் உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். மதினி சோற்று மூட்டையோடு அவர் பின்னாலேயே பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போனார்.

திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. அம்மா தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, "சன்னலோர சீட்டுத்தான், ஒக்கார வச்சிட்டு வந்தேன். கண்ணு கலங்கிருச்சு அவுகளுக்கு" என்றார்.

"வருவாரா மதினி?" என்று நான் கேட்டேன்.

"அது அவுக பாடு தாயி. எழுமலையிலருந்து நம்ம வீட்டு வாசல் வரைக்கும் வண்டி, பஸ்ஸு எல்லாம் ஒன்னுவிடாமச் சொல்லிட்டேன். திரும்பச் சொல்லச் சொல்லியும் கேட்டுட்டேன். வழி தெரியலன்னு மட்டும் சொல்ல முடியாது."

ஆவணியில் என் வீட்டுக்காரர் வந்தார். தன் துணிமணியெல்லாம் அடைத்துக் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியை இறக்கி வைக்க ஜட்காக்காரரும் கை கொடுக்க வேண்டியிருந்தது.